காலேஜ்ல ஒருத்தர் மனசு உடைஞ்சு நிக்கறப்ப என்ன பண்ணணும்: ஸ்டூடண்ட்ஸ், சார்-மேடம், ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாருக்கும்

இன்ஜினியரிங் காலேஜ், ஆர்ட்ஸ் காலேஜ், பாலிடெக்னிக்னு எங்க வேலை பார்த்தாலும் ஒன்னு கவனிச்சிருப்பீங்க. மனசு சரியில்லாத பையனோ பொண்ணோ நேரா போய் கவுன்சிலர் ரூம் கதவ தட்டறது ரொம்ப அபூர்வம். முதல்ல ரூம்மேட்கிட்ட சொல்லுவாங்க, இல்ல லேப்ல நல்லா பேசற அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட சொல்லுவாங்க, இல்ல போனாஃபைட் வாங்க ஆபீஸ் வந்த இடத்துல கிளார்க் மேடம் "என்னம்மா முகமே சரியில்ல"ன்னு கேட்டதும் அங்கயே கண்ணு கலங்கிரும். அதனால கவுன்சிலர வேலைக்கு எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அந்த முதல் ஆளு என்ன பேசறாரு, அடுத்த ஒரு வாரம் என்ன பண்றாருங்கறதுல தான் பாதி விஷயம் இருக்கு. ட்யூட்டர், வார்டன், ஹெச்ஓடி, ஆபீஸ் ஸ்டாஃப், கிளாஸ் ரெப், ரூம்மேட், யாரு வேணா அந்த முதல் ஆளா இருக்கலாம், அவங்களுக்காக தான் இத எழுதறேன்.

முதல்ல அவசரம். யாராவது இப்பவே தன் உயிருக்கு ஏதாவது பண்ணிக்குவாங்கன்னு தோணுச்சுன்னா மீதிய அப்புறம் படிங்க. அவங்கள ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, ஆபத்தான பொருள் பக்கத்துல இருந்தா எடுத்துருங்க, 108க்கு அடிங்க, இல்ல பக்கத்து ஜிஎச் கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போங்க. என்ன பேசறதுன்னு தெரியலைன்னா 14416க்கு கூப்பிட்டு நீங்களே கேளுங்க. அது டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம், நம்ம ஊர்ல "நட்புடன் உங்களோடு"ங்கற பேர்ல ஓடறதும் இதே நம்பர் தான். கஷ்டத்துல இருக்கறவங்க மட்டும் தான் கூப்பிடணும்னு இல்ல, கூட நிக்கறவங்களும் கூப்பிடலாம், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

என்னத்த கவனிக்கணும்

சோகமா இருக்கறது மட்டும் அடையாளம் இல்ல. மாற்றம் தான் அடையாளம். முதல் பெஞ்சுல உக்கார்ற பொண்ணு கடைசி பெஞ்சுக்கு போயிருச்சு, எல்லா அசைன்மென்ட்டும் கரெக்டா கொடுக்கற பையன் மூணு அசைன்மென்ட்டா கொடுக்கல, எப்பவும் வாட்ஸப் குரூப்ல கலாய்ச்சிட்டு இருக்கறவன் குரூப்ப விட்டே வெளிய போயிட்டான், மெஸ்ஸுக்கு ரெண்டு நாளா வரல, குளிக்கல, ராத்திரி மூணு மணிக்கு காரிடார்ல நடக்கறான். சில பேருக்கு சோகத்துக்கு பதிலா கோவம் வரும், சும்மா சும்மா சண்டை போடுவாங்க, அவங்கள டிசிப்ளின் கமிட்டிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்கார வெச்சு பேசுங்க. "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு விளையாட்டா சொன்னாலும், தனக்கு பிடிச்ச பொருள எல்லாம் ஃப்ரெண்ட்ஸுக்கு தூக்கி கொடுத்தாலும், ரொம்ப நாள் இருண்டு கிடந்தவங்க திடீர்னு ஒரே அமைதியா ஆனாலும் அன்னிக்கே பேசிருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

நம்ம காலேஜ்ல பின்னாடி இருக்கற காரணம் பெரும்பாலும் இது தான். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்ல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்கிட்டு இங்க வந்து முதல் செமஸ்டர்லயே நாலு அரியர் விழுந்தது, அப்பா நகைய அடகு வெச்சு ஃபீஸ் கட்டினது, லவ் ஃபெயிலியர், அந்த லவ்ல ஜாதி குறுக்க வந்தது, ஹாஸ்டல்ல நிறத்தையோ ஜாதியையோ சொல்லி கிண்டல், ராகிங், ஆன்லைன் ரம்மி, லோன் ஆப். லோன் ஆப்காரன் போட்டோவ மார்ஃப் பண்ணி காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் அனுப்புவேன்னு மிரட்டும்போது அந்த புள்ளைக்கு கவுன்சிலிங் கொடுத்தா மட்டும் போதுமா, கூட உக்காந்து 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் பதிவு பண்ணி கொடுங்க, பாதி பாரம் அங்கயே இறங்கும். ராகிங்னா 1800-180-5522. காரணம் வெளிய இருக்கும்போது மனச மட்டும் சரி பண்ண சொல்றது அந்த புள்ளைக்கு செய்யற அநியாயம்னு தான் நான் சொல்லுவேன்.

எப்படி பேசறது

இடம் முக்கியம். ஸ்டாஃப் ரூம்ல பத்து பேர் பேப்பர் திருத்திட்டு இருக்கும்போது "உனக்கு என்ன பிரச்சனை சொல்லு"ன்னா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. காலி கிளாஸ், லைப்ரரி பின்னாடி மரத்தடி, கேன்டீன்ல ஓரமா ஒரு டேபிள், அந்த மாதிரி எங்கயாவது. எதிர் எதிர்ல உக்காராம பக்கத்துல உக்காந்தா இன்னும் நல்லது, சில பசங்களுக்கு நடந்துக்கிட்டே பேசினா தான் பேச்சு வரும். பொண்ணுங்கன்னா கதவு திறந்திருக்கட்டும், முடிஞ்சா ஒரு மேடம் பேசட்டும்.

ஆரம்பிக்கறப்ப நீங்க பார்த்தத மட்டும் சொல்லுங்க. "என்னப்பா, ரெண்டு வாரமா மதியம் சாப்பிடவே போகல, கிளாஸ்லயும் தலை கவுந்து படுத்திருக்க, எனக்கு கவலையா இருக்கு, என்ன ஆச்சு?" அவ்ளோ தான். அதுக்கப்புறம் வாய மூடிக்கிட்டு இருக்கணும், இது தான் வாத்தியாருங்களுக்கு ரொம்ப கஷ்டம், அமைதியா ஒரு நிமிஷம் போனாலே நாம ஒரு அட்வைஸ போட்டு நிரப்பிருவோம். பெரும்பாலும் முதல்ல "ஒன்னுமில்ல சார்"னு தான் வரும். "சரிப்பா, இப்ப சொல்லணும்னு இல்ல, நாளைக்கு நாலரைக்கு மேல இங்க தான் இருப்பேன், வா"ன்னு சொல்லிட்டு, மறுநாள் நிஜமாவே இருங்க. அவன் வரலைன்னா நீங்களே தேடி போங்க.

சொல்லக்கூடாதது: "இந்த வயசுல உனக்கு என்னப்பா டென்ஷன்", "எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா", "அப்பா அம்மாவ நினைச்சு பாரு", "கோவிலுக்கு போ சரியாயிடும்", "அவன பாரு, அவனும் உன்ன மாதிரி குடும்பம் தான்". இதுல அப்பா அம்மாவ நினைச்சு பாருங்கறது தான் ரொம்ப வலிக்கற ஒன்னு, ஏன்னா அந்த பையன் ஏற்கனவே நாள் பூரா அவங்கள நினைச்சு தான் நொந்து போயிருக்கான், நீங்க இன்னும் கொஞ்சம் குற்ற உணர்ச்சிய ஏத்தி விடறீங்க.

தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரா கேக்கலாமா? கேக்கலாம், கேக்கணும். கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு நிறைய பேர் பயப்படறாங்க, அப்படி ஆகறதில்லைன்னு தான் இந்த துறைல இருக்கறவங்க எல்லாருமே சொல்றாங்க, கேட்டதுமே பெருமூச்சு விட்டு கொட்டி தீர்க்கறவங்க தான் ஜாஸ்தி. "இவ்ளோ கஷ்டத்துல செத்துரலாம்னு தோணி இருக்காம்மா?" இப்படியே, சாதாரண குரல்ல. "அந்த மாதிரி எல்லாம் எதுவும் நினைக்கலைல?"ன்னு கேக்காதீங்க, அப்படி கேட்டா "இல்ல சார்"னு தான் சொல்லுவாங்க, அந்த பதில தான் நீங்க கேக்கறீங்கன்னு அவங்களுக்கு தெரியும். ஆமான்னு சொன்னா பதறாதீங்க, திட்டாதீங்க. எப்படின்னு ஏதாவது முடிவு பண்ணி வெச்சிருக்காங்களா, எப்பன்னு யோசிச்சிருக்காங்களா, முன்னாடி முயற்சி பண்ணி இருக்காங்களான்னு கேளுங்க. திட்டமும் நேரமும் சொன்னாங்கன்னா அது மேல சொன்ன அவசரம், அன்னிக்கே டாக்டர். தோணுது ஆனா திட்டம் எதுவும் இல்லைன்னாலும் அந்த வாரத்துக்குள்ள ஒரு மனநல ஆளுகிட்ட பேச வெச்சிருங்க.

ரகசியம், வீட்டுக்கு சொல்றது

ஸ்டூடண்ட்ஸுக்கு ஒன்னு சொல்றேன். உங்க ஃப்ரெண்ட் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னு கேட்டா பண்ணாதீங்க. "உன்ன பத்தி ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி பண்ற ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்"னு முன்னாடியே சொல்லிருங்க. கோச்சுக்குவான், பரவால்ல. ராத்திரி பூரா நீங்க மட்டும் முழிச்சு உக்காந்து ஒரு உயிர பிடிச்சு வெச்சிருக்க முடியாது, அது உங்க மேல விழ வேண்டிய பாரமும் இல்ல, வார்டன எழுப்புங்க.

வாத்தியாருங்களுக்கு இது வேற மாதிரி. நம்ம முதல் பழக்கமே போன எடுத்து அப்பாவ வர சொல்றது தான். உயிருக்கு ஆபத்துன்னா வீட்டுக்கு சொல்லியே ஆகணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. மத்த நேரத்துல அந்த புள்ளைய கேட்டுட்டு சொல்லுங்க, யாருக்கு சொல்றதுன்னும் கேளுங்க. சில வீட்ல அப்பா வந்தா அடி விழும், பொண்ணுன்னா படிப்ப நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிருவாங்க, பிரச்சனையே அந்த வீடா கூட இருக்கும். ஒரு சித்தியோ அண்ணனோ தாய்மாமாவோ நம்பிக்கையான ஆளா இருக்கலாம். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல இதுக்கு ஒரு வழி இருக்கு, 18 வயசு முடிஞ்ச யாரும் தன் மனநல சிகிச்சை விஷயத்துல கூட நின்னு உதவ நியமன பிரதிநிதியா ஒருத்தர ஒரு வெள்ளை பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு வெச்சுக்கலாம், அது அப்பாவா தான் இருக்கணும்னு இல்ல. சிகிச்சை பத்தின விஷயம் ரகசியமா இருக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. அதனால ஸ்டாஃப் ரூம் டீ டைம்ல "அந்த செகண்ட் இயர் பொண்ணு சைக்யாட்ரிஸ்ட்கிட்ட போகுதாமே"ங்கற பேச்சு வந்தா அங்கயே நிறுத்துங்க. ஒரு தடவை அது வெளிய போச்சுன்னா அந்த டிபார்ட்மென்ட்ல அடுத்த நாலு வருஷத்துக்கு யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

முயற்சி பண்ணி பிழைச்சவங்க மேல போலீஸ் கேஸ் வரும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போகாம இருக்கற கொடுமை இன்னும் நடக்குது. அந்த 2017 சட்டத்தோட 115வது பிரிவு, அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததா தான் எடுத்துக்கணும், தண்டிக்க கூடாதுன்னு தெளிவா சொல்லுது. தற்கொலை முயற்சிய குற்றம்னு சொன்ன பழைய ஐபிசி 309 பிரிவு, 2024 ஜூலைல அதுக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டத்துல அப்படியே இல்ல. தைரியமா கூட்டிட்டு போங்க.

எங்க கூட்டிட்டு போறது

காசு இல்லைங்கறது தடையே இல்ல. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநல ஓபி இருக்கு, டாக்டர் பார்க்கறதும் மருந்தும் இலவசம். காலைல சீக்கிரம் போங்க, கூட்டம் இருக்கும், முதல் தடவை போறவங்களுக்கு ஓபி சீட்டு எங்க வாங்கறது, எந்த பிளாக்ங்கறதே பெரிய மலைப்பா இருக்கும், அதனால நம்பர எழுதி கொடுத்து அனுப்பாம கூட ஒருத்தர் போங்க, அந்த பாதி நாள் தான் அவங்களுக்கு நிஜமான உதவி. சென்னைல கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் வெளிநோயாளியா போய் பார்த்துட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்துரலாம், போனாலே உள்ள வெச்சிருவாங்கங்கற பயம் வேணாம். பேச மட்டும் ஆள் வேணும்னா சென்னைல 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்ச சினேகா இருக்கு, 044-24640050, பேர் கூட சொல்ல வேண்டியதில்ல.

மருந்து பத்தி ரெண்டே வார்த்தை. டிப்ரஷனுக்கு கொடுக்கற மாத்திரை போட்ட அன்னிக்கே வேலை செய்யாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், அதுக்குள்ள "ஒன்னும் சரியாகல"ன்னு நிறைய பசங்க நிறுத்திருவாங்க, நல்லாயிட்ட மாதிரி தோணினதும் டக்குனு நிறுத்தறவங்களும் உண்டு, ரெண்டுமே தப்பு, டாக்டர கேக்காம நிறுத்த கூடாது. ஹாஸ்டல்ல மாத்திரைய பார்த்து ரூம்மேட்ஸ் கேலி பண்ணாம பார்த்துக்கறது வார்டன் வேலை.

சிகிச்சை எடுத்துட்டு திரும்பி வர்ற முதல் வாரம் தான் பலரும் கோட்டை விடற இடம். பத்து நாள் லீவுல போன அட்டெண்டன்ஸ், மிஸ் ஆன இன்டர்னல், சப்மிட் பண்ணாத ரெக்கார்டு எல்லாம் ஒரே நாள்ல மேல விழும். மெடிக்கல் சர்டிஃபிகேட்ட வெச்சு அட்டெண்டன்ஸ் குறைவ மன்னிக்க சொல்லி கண்டோனேஷன் போடறது, இன்டர்னல திரும்ப எழுத வைக்கறது, ரெக்கார்டுக்கு தவணை கொடுக்கறது எல்லாத்தையும் ட்யூட்டரே நாலு சார்கிட்டயும் பேசி முடிச்சு வெச்சிரணும், அந்த புள்ளைய ஒவ்வொரு டேபிளா போய் தன் கதைய சொல்ல விட கூடாது. "உடம்பு சரியில்ல, நான் பார்த்துட்டேன், சர்டிஃபிகேட் என்கிட்ட இருக்கு"ன்னு நீங்க சொன்னா போதும்.

காலேஜ் நிர்வாகம் பண்ண வேண்டியது

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல் கொடுத்துச்சு, சட்டம் வர்ற வரைக்கும் அது தான் கட்டாயம். 100 ஸ்டூடண்ட்ஸ் அல்லது அதுக்கு மேல இருந்தா தகுதியான ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சோஷியல் வொர்க்கரோ இருக்கணும், அதுக்கு கீழன்னா வெளிய ஒருத்தரோட முறையான ஏற்பாடு வேணும். டீச்சிங், நான்-டீச்சிங் ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ட்ரெய்னிங். மார்க்க வெச்சு பேட்ச் பிரிக்கறதும் எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தறதும் கூடாது. ஹெல்ப்லைன் நம்பர் ஹாஸ்டல், கிளாஸ்ரூம், வெப்சைட் எல்லாத்துலயும் பெருசா தெரியணும். உங்க காலேஜ்ல இதுல எது இல்லையோ, ஒரு லெட்டரா எழுதி பிரின்சிபல்கிட்ட கொடுங்க, கோர்ட் ஆர்டர்னு இருக்கும்போது கேக்கறது ஈஸி.

அதுல அந்த அவமானப்படுத்தற விஷயத்துல கொஞ்சம் நிக்கறேன். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் லிஸ்ட்ட பேரோட நோட்டீஸ் போர்டுல ஒட்டறது, ஃபீஸ் கட்டாதவங்கள கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சு வெளிய அனுப்பறது, இன்டர்னல் மார்க்க சத்தமா படிக்கறது, பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அப்பாவ திட்டறது. இத எல்லாம் நாளைக்கே நிறுத்தலாம், ஒரு ரூபா செலவு இல்ல. ஃபீஸ் பாக்கின்னா மெசேஜ் போடுங்க, கூப்பிட்டு தனியா பேசுங்க, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபா, ஸ்காலர்ஷிப்னு எது விட்டு போயிருக்குன்னு ஆபீஸ்ல பார்த்து போட்டு கொடுங்க. கூலி வேலை செய்யற அப்பா சட்டைல வேர்வையோட ஹெச்ஓடி ரூம் வாசல்ல கை கட்டி நிக்கறத ஒரு பையன் பார்த்தான்னா அது அவன் மனச விட்டு போகவே போகாது.

இன்னொன்னு, கஷ்டம் எப்ப வரும்னு நமக்கு முன்னாடியே தெரியும். முதல் செமஸ்டர் ரிசல்ட், ஷார்ட்டேஜ் லிஸ்ட், ஃபீஸ் கடைசி தேதி, பிளேஸ்மென்ட்ல பாதி பேருக்கு ஆஃபர் வந்து மீதி பேர் காத்திருக்கற மாசம். அகடமிக் காலண்டர்ல இத எல்லாம் வட்டம் போட்டு, அந்த வாரம் ட்யூட்டர் ஒவ்வொருத்தரும் தன் பசங்க இருபது பேரையும் ஒரு தடவை தனித்தனியா பார்த்து பேசட்டும். ரிசல்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருதுன்னா சனி ஞாயிறு ஹாஸ்டல்ல யார் இருப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

சார், மேடம், நீங்களும் தான்

வாத்தியாரோட நிலைமைய யாரும் கேக்கறதில்ல. கௌரவ விரிவுரையாளரா வருஷக்கணக்கா தொகுப்பூதியத்துல ஓட்டறவங்க, பிரைவேட் காலேஜ்ல சம்பளம் மாசம் தள்ளி வர்றவங்க, மே மாசம் வெயில்ல அட்மிஷனுக்கு ஊர் ஊரா அலையறவங்க, பிஎச்டி முடிக்கலைன்னு தினம் கேள்வி கேக்கப்படறவங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட் நிர்வாகத்துகிட்ட மாட்டிக்கிட்டு வேற வேலைக்கும் போக முடியாதவங்க. இவங்ககிட்ட போய் யோகா வகுப்பு வெச்சிருக்கோம்னு சொன்னா கோவம் தான் வரும். ஹெச்ஓடியா இருந்தா உங்களால முடிஞ்சது: நாக் (காலேஜுக்கு தர மதிப்பீடு கொடுக்கற அமைப்பு) ஃபைல் வேலைய ரெண்டே பேர் தலைல கட்டாம பிரிச்சு கொடுங்க, ராத்திரி எட்டுக்கு மேல குரூப்ல ஆர்டர் போடாதீங்க, சிஎல் கேட்டா காரணத்த குடைஞ்சு கேக்காதீங்க, மீட்டிங்ல ஜூனியர திட்டாதீங்க.

காலேஜ் கவுன்சிலர்கிட்ட ஸ்டாஃப் போக மாட்டாங்க, பிரின்சிபலுக்கு தெரிஞ்சுருமோங்கற பயம் நியாயமானது தான். அதனால ஸ்டாஃபுக்கு வெளிய ஒரு ஆள ஏற்பாடு பண்ணுங்க, யார் போனாங்கங்கற லிஸ்ட் நிர்வாகத்துக்கு வராதுன்னு எழுத்துல கொடுங்க. குரூப் இன்சூரன்ஸ் இருந்தா மனநல சிகிச்சை கவர் ஆகுதான்னு கேளுங்க, உடல் நோய்க்கு கொடுக்கற மாதிரியே இதுக்கும் கொடுக்கணும்னு அந்த 2017 சட்டம் சொல்லுது.

மெஸ் அண்ணா, கூட்டற அக்கா, வாட்ச்மேன்

யார் சாப்பிடலைன்னு மெஸ் அண்ணாவுக்கு தெரியும், எந்த ரூம் ரெண்டு நாளா திறக்கலைன்னு கூட்டற அக்காவுக்கு தெரியும், யார் ராத்திரி மாடில தனியா நிக்கறாங்கன்னு வாட்ச்மேன் பார்ப்பாரு, பஸ் டிரைவர் அண்ணாவுக்கு யார் அழுதுக்கிட்டே ஏறினாங்கன்னு தெரியும். ட்ரெய்னிங்ல முதல் வரிசை இவங்களுக்கு தான். இங்கிலீஷ் பிபிடி வேணாம், தமிழ்ல அரை மணி நேரம் உக்காந்து பேசுங்க: இதெல்லாம் பார்த்தா இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க, நீங்க சொன்னதா வெளிய வராது, தப்பா போனாலும் யாரும் திட்ட மாட்டாங்க. அவ்ளோ தான் அவங்களுக்கு வேணும்.

அவங்களும் மனுஷங்க தான். அவுட்சோர்சிங்ல பன்னெண்டு மணி நேரம் ஷிஃப்ட், லீவு போட்டா சம்பளம் கட், வீட்ல கடன். ஹாஸ்டல்ல ஏதாவது நடந்துச்சுன்னா அத முதல்ல பார்க்கறது பெரும்பாலும் ஒரு அக்காவோ வாட்ச்மேனோ தான், அன்னிக்கு போலீஸ் விசாரணைக்கு கூப்பிடுவாங்க, மறுநாள் அதே மாடிய கூட்ட சொல்லுவாங்க. அவங்களுக்கு சம்பளத்தோட லீவும், பேச ஒரு ஆளும், வேற பிளாக்குக்கு மாத்தறதும் கண்டிப்பா பண்ணுங்க.

இழப்பு நடந்துட்டா

எல்லாம் பார்த்தும் சில நேரம் நடந்துரும். அன்னிக்கு பசங்களுக்கு நிர்வாகமே உண்மைய சுருக்கமா சொல்லணும், மூடி மறைச்சா வாட்ஸப்ல நூறு கதை ஓடும். எப்படி நடந்துச்சுன்னு விவரம் பேசாதீங்க, லெட்டர் போட்டோ ஃபார்வர்ட் பண்ணாதீங்க, "இந்த ஒரு காரணத்துக்காக"ன்னு முடிவு கட்டாதீங்க, பெரிய பேனர் வெச்சு கொண்டாடற மாதிரியும் பண்ணாதீங்க. ரூம்மேட், நெருங்கின ஃப்ரெண்ட், லவ்வர், கடைசியா திட்டின சார், இவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் அடுத்த சில வாரம் ஒரு ஆள் இருக்கணும். அந்த வார இன்டர்னல தள்ளி வைங்க. ரூம்மேட்ட அதே ரூம்ல படுக்க வைக்காதீங்க. வருஷம் திரும்பி அந்த தேதி வர்றப்பவும், பிறந்தநாள் வர்றப்பவும் அந்த கும்பல ஒரு தடவை கூப்பிட்டு பாருங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. 14416ங்கற நம்பர நோட்டீஸ் போர்டுல ஒட்டினா மட்டும் போதாது, நாலு பேர் பார்க்க அத யாரும் நின்னு குறிச்சுக்க மாட்டாங்க. பாத்ரூம் கதவுக்கு உள் பக்கம் ஒட்டுங்க, ஹால் டிக்கெட் கீழ அடிங்க, ஸ்டூடண்ட், ஸ்டாஃப், அவுட்சோர்சிங் எல்லார் ஐடி கார்டு பின்னாடியும் காலேஜ் அட்ரஸுக்கு மேல போடுங்க. ஜூன்ல புது பேட்ச் கார்டு பிரிண்டிங் போகறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல சொல்லிருங்க, டிசைன் முடிஞ்சுட்டா அப்புறம் அடுத்த வருஷம் தான்.